கேட்பதற்கென்று ஓர் ஆள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓர் உயிர் பிரிந்ததும் முதலில் நேரத்தைக் குறிக்கிறார்கள். பிறகு மானிட்டரை அணைத்து, குழாய்களைக் கழற்றுகிறார்கள். மருத்துவர் வெளியே வந்து குடும்பத்தாரிடம் இரண்டு வார்த்தை சொல்கிறார், சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறார், அடுத்த படுக்கைக்கு நகர்கிறார். செவிலியர் உடலைத் துடைத்துக் கட்டி அனுப்பிவிட்டு அதே கட்டிலுக்குப் புது விரிப்பு போடுகிறார். கொஞ்ச நேரத்தில் அங்கே வேறொரு நோயாளி படுத்திருப்பார். நெஞ்சை அழுத்தி அழுத்திக் கை ஓய்ந்துபோன இளம் மருத்துவரிடமோ, வாசலில் சரிந்து உட்கார்ந்துவிட்ட மகளிடமோ பக்கத்தில் அமர்ந்து பேச அங்கே யாரும் இல்லை.

மருத்துவமனையில் மருந்து கொடுக்க, ரத்தம் எடுக்க, பில் போட, தரை துடைக்க என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் உண்டு. உட்கார்ந்து கேட்பதற்கு மட்டும் ஆள் இல்லை. அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளின் பல மருத்துவமனைகளில் அதற்கும் ஒரு பதவி இருக்கிறது. அந்தப் பணியில் இருப்பவரைச் 'சேப்ளின்' என்கிறார்கள். நோயாளி, குடும்பத்தார், ஊழியர் ஆகிய மூவரின் மனத் துயரையும் ஆன்மிகத் தவிப்பையும் கவனிப்பதற்கென்றே பயிற்சி பெற்றவர் அவர். பெரும்பாலும் ஏதோ ஒரு சமயத்தைச் சார்ந்தவர். ஆனால் அங்கே தம் சமயத்தைப் பரப்ப அவருக்கு அனுமதி இல்லை. இப்படி ஒருவர் இருப்பதால் குடும்பங்களுக்கும் மருத்துவர்களுக்கும் என்ன நடக்கிறது என்று அண்மைக் காலத்தில் ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்த முடிவுகள் நமக்கும் வேண்டியவை.

தூங்கினாலும் தீராத சோர்வு

நியூயார்க்கில் இலவச மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய உளவியலாளர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர், 1974-இல் தம்மோடு வேலை செய்தவர்களிடம் கண்ட ஒரு நிலையை 'பர்ன்அவுட்' என்று பெயரிட்டு எழுதினார். பணிச்சோர்வு என்று நாம் சொல்கிறோம். கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-இல் அதை அளக்க ஒரு வினாத்தாள் தயாரித்தார். இன்றும் உலகெங்கும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அது மூன்றைக் கேட்கிறது. மனத்தில் ஈரம் வற்றிவிட்டதா? நோயாளியை மனிதராகப் பார்க்காமல் 'பெட் நம்பர் 7' என்று பார்க்கத் தொடங்கிவிட்டீர்களா? செய்யும் வேலையில் எதையும் சாதிக்கவில்லை என்று தோன்றுகிறதா? இவை மூன்றும் சேர்ந்ததுதான் பணிச்சோர்வு. ஒரு வாரம் விடுப்பு எடுத்துத் தூங்கினால் களைப்பு போகும், இது போகாது. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தபோது நோய் என்று குறிக்கவில்லை. வேலையிடத்தில் விளையும் நிலை என்றே குறித்தது.

அமெரிக்காவின் தேசிய மருத்துவ அகாதெமி 2019-இல் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு மருத்துவர்களிலும் செவிலியர்களிலும் 35 முதல் 54 சதவீதம் பேருக்குக் கணிசமான பணிச்சோர்வு இருப்பதாகச் சொன்னது. கொரோனாவின் இரண்டாம் ஆண்டான 2021-இல் எடுத்த கணக்கெடுப்பில், அமெரிக்க மருத்துவர்களில் 62.8 சதவீதம் பேரிடம் அதன் அறிகுறி ஒன்றாவது தென்பட்டது.

வேலைப்பளு மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. செய்ய வேண்டியது எது என்று தெரிந்தும் அதைச் செய்ய முடியாமல் நிற்கும் தவிப்பு இன்னொரு காரணம். 1984-இல் ஆண்ட்ரூ ஜேம்ட்டன் என்ற தத்துவ அறிஞர் செவிலியர்களிடம் இதைக் கண்டு எழுதினார். இனிப் பிழைக்க மாட்டார் என்று தெரிந்த முதியவருக்கு மறுபடியும் ஊசி குத்த வேண்டியிருக்கிறது. இரண்டு பேருக்கு ஒரு வென்டிலேட்டர்தான் இருக்கிறது. இந்த அறத் தவிப்பு வீட்டுக்கும் கூடவே வருகிறது. மருத்துவத்தில் பிழை நேர்ந்துவிட்டால் இன்னும் கொடுமை. பாதிக்கப்பட்ட நோயாளிக்கு அடுத்தபடியாக, பிழை செய்தவரும் உள்ளுக்குள் உடைந்துபோகிறார் என்பதை ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் 2000-இல் எழுதினார். 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்று அவர் குறித்தது இவர்களைத்தான்.

இந்தத் தவிப்புக்கு மாத்திரை கிடையாது. மனநல மருத்துவரிடம் போனால் பதிவேட்டில் ஏறும், சக ஊழியர்களுக்குத் தெரியும் என்ற அச்சம் வேறு. சேப்ளினுக்கு இங்கேதான் இடம் இருக்கிறது.

நோயாளியாக இருந்து கற்றவர்

ஆன்டன் பாய்சன் அமெரிக்கப் போதகர். 1920-இல் அவருக்குக் கடும் மனநோய் வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வெஸ்ட்பரோ மனநல மருத்துவமனையில் ஓராண்டுக்கும் மேலாக இருந்தார். அங்கே அவர் ஒன்றைக் கவனித்தார். உடலைப் பார்க்க ஆள் இருந்தார்கள். அவருக்குள் நடந்த போராட்டம் என்ன என்று கேட்க யாருக்கும் தெரியவில்லை. பார்க்க வந்த போதகர்களுக்கும் தெரியவில்லை.

குணமாகி வந்த பாய்சன், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் மருத்துவர் ரிச்சர்ட் கேபட்டின் ஆதரவைப் பெற்றார். மருத்துவ மாணவர்கள் வார்டில் நின்று கற்பதுபோல் இறையியல் மாணவர்களும் ஓராண்டு வார்டில் கற்க வேண்டும் என்று வாதாடியவர் கேபட். 1924-இல் பாய்சன் வூஸ்டர் மாநில மருத்துவமனையில் சேப்ளின் ஆனார். அடுத்த ஆண்டு கோடையில் மாணவர்கள் சிலரை அழைத்துவந்து வார்டில் பணியாளர்களாக இறக்கிவிட்டார். புத்தகத்தைப் படிப்பதுபோல் மனிதர்களைப் படியுங்கள் என்பதே அவர் கொடுத்த பாடம். உலகெங்கும் சேப்ளின்களுக்கு அளிக்கப்படும் மருத்துவமனைப் பயிற்சி அந்தக் கோடையில் தொடங்கியது.

இந்தப் பயிற்சி எளிதானது அல்ல. ஒரு கட்டத்துக்கு ஏறக்குறைய 400 மணி நேரம்; அமெரிக்காவில் முழுச் சான்றிதழ் பெற முதுகலைப் பட்டத்தோடு அப்படி நான்கு கட்டங்கள் முடிக்க வேண்டும். மாணவர் ஒரு நோயாளியோடு பேசிவிட்டு வந்ததும், யார் என்ன சொன்னார், எங்கே மௌனம் விழுந்தது என்று உரையாடல் முழுவதையும் நினைவிலிருந்து வரிவரியாக எழுத வேண்டும். சக மாணவர்களும் ஆசிரியரும் அதைப் பிரித்து மேய்வார்கள். "அவர் சாவைப் பற்றிப் பேச வந்தார். நீ ஏன் உடனே சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாய்? பயந்தது அவரா, நீயா?" என்ற கேள்வி அங்கே சர்வ சாதாரணம். ஆறுதல் சொல்லும் அவசரம், அறிவுரை சொல்லும் ஆசை, தன் பயத்தை மறைக்கும் பேச்சு எல்லாவற்றையும் ஒருவரிடமிருந்து உரித்து எடுக்க அத்தனை மணி நேரம் தேவைப்படுகிறது.

ஐ.சி.யூ. வாசலில்

பிரான்சில் 21 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த நோயாளிகளின் உறவினர்களை, எலி அஸுலே தலைமையிலான குழு மூன்று மாதங்கள் கழித்துத் தொடர்புகொண்டு விசாரித்தது. 2005-இல் வெளியான முடிவு இது: மூன்றில் ஒருவருக்கு, போருக்குப் போய்த் திரும்பியவர்களிடம் காணப்படுவது போன்ற அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த அறிகுறிகள் இருந்தன. வாழ்வின் கடைசிக் கட்ட முடிவுகளில் தாமும் பங்கெடுத்த உறவினர்களிடம் அந்த அளவு 81.8 சதவீதம். 'வென்டிலேட்டரை எடுத்துவிடலாமா' என்ற கேள்விக்குத் தலையசைத்தவர் மாதங்கள் கடந்தும் அந்தத் தலையசைப்பைச் சுமக்கிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்த இடத்தில் சேப்ளின் மூன்று வேலைகளைச் செய்கிறார். முதலாவது, குடும்பத்தாரைப் பேசவைப்பது. "உங்கள் அப்பா எப்படிப்பட்டவர்? எதை விரும்புவார்?" என்று கேட்கிறார். கேஸ் ஷீட்டில் இல்லாத மனிதர் அந்தப் பேச்சில் எழுந்து வருகிறார். 'நாங்கள் அப்பாவைக் கைவிடுகிறோம்' என்ற குற்ற உணர்வு, 'அப்பா விரும்பியதைச் செய்கிறோம்' என்ற தெளிவாக மெல்ல மாறுகிறது.

இரண்டாவது, மருத்துவருக்கும் குடும்பத்துக்கும் இடையே பாலம் போடுவது. 'கடவுள் அற்புதம் செய்வார், எதையும் நிறுத்தாதீர்கள்' என்று குடும்பம் சொன்னால் பல மருத்துவர்கள் வாயடைத்துப் போகிறார்கள். சிலர் புள்ளிவிவரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் புற்றுநோய் மையத்தின் சேப்ளின் ரோண்டா கூப்பர் சக மருத்துவர்களோடு சேர்ந்து 2014-இல் இதற்கு ஒரு நான்கு படி முறையை வெளியிட்டார். அந்த நம்பிக்கையை முதலில் மதித்து, 'நானும் அதையே விரும்புகிறேன்' என்று சொல்ல வேண்டும். குடும்பத்தார் நிற்கும் இடத்துக்கே போய் அவர்களைச் சந்திக்க வேண்டும். பிறகு மருத்துவ நிலையை உள்ளபடி எடுத்துச்சொல்ல வேண்டும். கடைசியாக, 'எது நடந்தாலும் நாங்கள் உங்களோடு இருப்போம்' என்று உறுதி தர வேண்டும். இந்த வரிசையில் பேசும்போது, அறிவியலும் நம்பிக்கையும் எதிரெதிரே மல்லுக்கு நிற்பதில்லை.

மூன்றாவது, இறப்பை அந்த மனிதருக்கே உரியதாக ஆக்குவது. கனடாவின் ஹாமில்டன் நகரில் மருத்துவர் டெபோரா குக் 2013-இல் 'மூன்று விருப்பங்கள்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். ஐ.சி.யூ.வில் இறக்கும் தறுவாயில் இருப்பவருக்காக அவரும் குடும்பத்தாரும் மருத்துவக் குழுவினரும் சின்னச் சின்ன விருப்பங்களைச் சொல்வார்கள். பிடித்த இசையை ஒலிக்கவிடுவது, வீட்டு நாயைக் கொண்டுவந்து காட்டுவது, குடும்பமாகக் கூடி வழிபடுவது போன்றவை. முதல் 40 நோயாளிகளுக்காக 159 விருப்பங்கள் நிறைவேறின. ஒருவருக்கு ஆன செலவு அதிகபட்சம் 200 டாலர். பலவற்றுக்குச் செலவே இல்லை. பயன் குடும்பத்தோடு நிற்கவில்லை. குழாய்களுக்கு நடுவே ஒரு மனிதரைப் பார்க்க முடிந்தது என்று அங்கே பணியாற்றியவர்களும் சொன்னார்கள்.

அமெரிக்காவின் இண்டியானாவில் அலெக்ஸியா டார்க் குழு நடத்திய சோதனை இன்னும் நேரடியானது. ஐ.சி.யூ. நோயாளிகளுக்காக முடிவெடுக்கும் உறவினர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினரைச் சேப்ளின் திட்டமிட்டுத் தொடர்ந்து சந்தித்தார். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, சேப்ளின் சந்தித்தவர்களிடம் பதற்றம் குறைவாக இருந்தது.

வெள்ளை அங்கிக்குள்ளே

ஊழியர்களுக்குச் சேப்ளின் தரும் துணை பெரும்பாலும் எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை. இரவு டியூட்டியில் நர்ஸ் ஸ்டேஷன் பக்கம் நின்று 'எப்படிப் போகிறது?' என்று கேட்பதில் அது தொடங்குகிறது. அவர் யாருக்கும் மேலதிகாரி இல்லை. பதவி உயர்வுக்கும் தண்டனைக்கும் அவரிடம் பேனா இல்லை. சொன்னதை வெளியே விட மாட்டார் என்ற நம்பிக்கைதான் அவருடைய கருவி. இதைத் தனிப்பட்ட குணமாக மட்டும் விட்டுவிடாமல் பல மருத்துவமனைகள் முறையான ஏற்பாடாக்கியிருக்கின்றன. சேப்ளின்கள் முன்னின்றும் பிறரோடு கைகோத்தும் நடத்தும் ஏற்பாடுகள் அவை.

விர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையின் செவிலியர் ஜோனதன் பார்ட்டல்ஸ் தொடங்கிவைத்த 'நிறுத்தம்' என்ற வழக்கம் மிக எளியது. ஒரு நோயாளி இறந்ததும் யாராவது ஒருவர் மற்றவர்களை நிற்கச் சொல்வார். இறந்தவருக்கும் அவரைக் காக்கப் போராடியவர்களுக்கும் மரியாதையாக அனைவரும் ஒரு நிமிடம் போல மௌனமாக நிற்பார்கள். எந்த மதச் சொல்லும் இல்லை. உயிர் போன இடத்திலிருந்து அப்படியே அடுத்த வேலைக்கு ஓடாமல் அந்த மரணத்தை ஒப்புக்கொள்ளும் ஒரு நிமிடம் அது.

'கோட் லாவெண்டர்' இன்னொரு ஏற்பாடு. இதயம் நின்றால் 'கோட் புளூ' அறிவித்துக் குழு ஓடிவருவதை மருத்துவமனைக்காரர்கள் அறிவார்கள். அதேபோல் ஊழியர்களை உலுக்கிய சம்பவம் நடந்தால் சேப்ளின் உள்ளிட்ட குழு அவர்களைத் தேடி வருகிறது. தேநீர் தருகிறார்கள், கொஞ்சம் உட்காரவைக்கிறார்கள், பேச விரும்பினால் கேட்கிறார்கள்.

ஷ்வார்ட்ஸ் சுற்று சற்று விரிவானது. பாஸ்டன் வழக்கறிஞர் கென்னத் ஷ்வார்ட்ஸ் நாற்பது வயதில் நுரையீரல் புற்றுநோய்க்கு ஆளாகி 1995-இல் இறந்தார். சிகிச்சை செய்தவர்களின் பரிவே தமக்குத் தாங்க முடியாததைத் தாங்கவைத்தது என்று எழுதிய அவர், அந்தப் பரிவு வற்றாமல் காக்க ஒரு மையத்தைத் தொடங்கிவிட்டுப் போனார். அதன் வழியே வந்த கூட்டங்களில் மருத்துவர் முதல் உதவியாளர் வரை அனைவரும் ஒரு மணி நேரம் கூடுகிறார்கள். ஒரு நோயாளி தங்களை எப்படிப் பாதித்தார் என்று சிலர் பேச, மற்றவர்கள் கேட்கிறார்கள். யார் செய்தது சரி, யார் செய்தது தவறு என்ற விசாரணை அங்கே கிடையாது. இங்கிலாந்தில் ஜில் மேபன் குழு 2018-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, தொடர்ந்து வந்தவர்களில் மனநலம் குன்றியிருந்தோர் 25 சதவீதத்திலிருந்து 12 ஆகக் குறைந்தனர். வராதவர்களிடம் அது 37-லிருந்து 34-க்குத்தான் இறங்கியது.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 2011-இல் 'ரைஸ்' என்ற குழுவை அமைத்தது. பிழையோ பெருந்துயரோ நேர்ந்த ஊழியர் எந்த நேரத்திலும் அழைக்கலாம். பயிற்சி பெற்ற சக ஊழியர் ஒருவர் வந்து கேட்பார். சேப்ளின்களும் அந்தக் குழுவில் உண்டு. அதன் வரவு செலவை ஆராய்ந்தவர்கள், அழைத்த ஒவ்வொரு செவிலியர் கணக்கிலும் மருத்துவமனைக்கு 22,576 டாலர் மிச்சமாவதாக மதிப்பிட்டனர். வேலையை விட்டுப் போகாமல் அவர்கள் தங்குவதும், விடுப்பு குறைவதுமே காரணம்.

பேசினால் ஏன் பாரம் குறைகிறது? கலிஃபோர்னியாவில் மேத்யூ லீபர்மன் குழு 2007-இல் மூளைப் படம் எடுத்துப் பார்த்தது. அச்சமோ கோபமோ காட்டும் முகங்களைப் பார்க்கும்போது அந்த உணர்வுக்குப் பெயர் சொல்லச் சொன்னார்கள். பெயர் சொன்ன வேளையில், ஆபத்து மணி அடிக்கும் அமிக்டலா என்ற பகுதியின் வேகம் தணிந்தது. நெற்றிப் பக்கத்துப் புறணியின் ஒரு பகுதி கூடுதலாக இயங்கியது. 'கோபமாக இருக்கிறேன்', 'பயந்துவிட்டேன்' என்று சொல்லத் தொடங்கும்போதும் மூளை இப்படித் தன்னை ஆற்றிக்கொள்ளத் தொடங்கலாம்.

ஆனால் இதற்கு ஓர் எச்சரிக்கை உண்டு. பேரதிர்ச்சிக்கு உள்ளானவர்களை உடனே உட்காரவைத்து நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் கொட்டவைக்கும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்தைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது. சிலருக்குத் தீங்கும் நேர்ந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. பேசு என்று வற்புறுத்தக் கூடாது. பேச வருபவர் வரும்வரை காத்திருப்பதும், வராவிட்டால் பக்கத்தில் சும்மா இருப்பதும் சேப்ளின் பயிற்சியின் பாதி.

எந்த மதத்துக்காரர்?

இந்தப் பணி கிறிஸ்தவ மண்ணில் முளைத்தது உண்மை. இன்று அது அங்கே மட்டும் இல்லை. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையில் முஸ்லிம், இந்து, சீக்கிய, யூதச் சேப்ளின்களோடு கடவுள் நம்பிக்கை இல்லாத மனிதநேயர்களும் பணிபுரிகிறார்கள். ஜப்பானின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. புத்த பிக்குவை மருத்துவமனையில் கண்டாலே 'சாவு வந்துவிட்டது' என்று அஞ்சும் சமூகம் அது. 2011 சுனாமிக்குப் பிறகு, மியாகி மாநிலத்துப் பிக்கு கனெட்டா தைய்யோ தற்காலிகக் குடியிருப்புகளுக்குத் தேநீரோடு போய் மக்கள் பேசுவதைக் கேட்டார். வீட்டில் கிடந்து உயிர்விடும் நோயாளிகளைக் கவனித்துவந்த மருத்துவர் ஒகாபே தகேஷி, மதம் பரப்பாமல் துணைநிற்கும் இத்தகைய சமயவாணர்கள் மருத்துவத்துக்குத் தேவை என்று வாதாடினார். 2012-இல் தோஹோக்கு பல்கலைக்கழகம் அதற்குப் பயிற்சியே தொடங்கியது. பௌத்தர், ஷிண்டோ சமயத்தவர், கிறிஸ்தவர் என எல்லாரும் சேர்ந்து பயில்கிறார்கள். நோயாளியின் நம்பிக்கையே முதன்மை, தன் நம்பிக்கையைத் திணிக்கக் கூடாது என்பது அங்கே விதி.

சேப்ளின் பணிக்கு எல்லையும் உண்டு. நான்கு செவிலியர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, 'மனபாரம் இருந்தால் சேப்ளினிடம் பேசு' என்று ஒரு நிர்வாகம் சொன்னால் அது ஏமாற்று வேலை. பணிச்சோர்வு வேலையிடத்தில் விளைவது என்பதால் ஆள் பற்றாக்குறை, தொடர் டியூட்டி, பாதுகாப்பின்மை எல்லாவற்றையும் நிர்வாகம்தான் சரிசெய்ய வேண்டும். எல்லாம் சரியாக இருக்கும் மருத்துவமனையிலும் மரணம் இருக்கும். அதனோடு வரும் துயரத்துக்குத்தான் சேப்ளின்.

நம் ஊரில்

தமிழ்நாட்டுக்கு இந்தப் பணி புதிதல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேப்ளின்களுக்கென்றே துறை இருக்கிறது, பயிற்சியும் தருகிறார்கள். ஆனால் நம் நோயாளிகளில் ஏராளமானோர் போகும் அரசு மருத்துவமனைகளில் அப்படி ஒரு பணியிடம் இல்லை. தேவையோ கண்முன்னே நிற்கிறது. 2024 நவம்பரில் சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் பணியில் இருந்த புற்றுநோய் மருத்துவர் கத்தியால் குத்தப்பட்டார். கைதானவர் ஒரு நோயாளியின் மகன். வன்முறைக்கு எந்தத் துயரமும் நியாயம் ஆகாது. ஆனாலும் நம் மருத்துவமனை வாசல்களில் எவ்வளவு கொந்தளிப்பு தேங்கிக் கிடக்கிறது என்பதை அந்த நாள் காட்டியது. மீட்க முடியாத நோயாளிக்கு உயிர்காப்புக் கருவிகளை விலக்குவதற்கு 2018-இல் வழிவகுத்த உச்ச நீதிமன்றம், 2023-இல் அந்த நடைமுறையை எளிதாக்கியது. வென்டிலேட்டர் கேள்வியை எதிர்கொள்ளும் குடும்பங்கள் இனி இங்கேயும் பெருகும்.

கோடிக்கணக்கில் பணம் கேட்கும் காரியம் இல்லை இது. ஏற்கெனவே இருக்கும் மருத்துவ சமூகப் பணியாளர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் வார்டிலேயே முறையான பயிற்சி தரலாம். கேரளத்தில் வலிநிவாரணச் சேவையை ஊர்தோறும் தோளில் தூக்கிய தன்னார்வலர்களைப் போல இங்கேயும் ஆட்களைத் திரட்டலாம். மூன்று விதிகள் போதும்: எம்மதத்தையும் பரப்பக் கூடாது, கேட்டதை வெளியே சொல்லக் கூடாது, பயிற்சி இல்லாமல் யாரையும் உள்ளே விடக் கூடாது. முதல் பணியிடங்களை மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் ஐ.சி.யூ., புற்றுநோய், பச்சிளங்குழந்தை வார்டுகளில் உருவாக்கட்டும். அதுவரை காத்திராமல், இறந்தவர் படுக்கையருகே ஒரு நிமிடம் நிற்கும் வழக்கத்தை எந்த மருத்துவமனையும் இன்றைக்கே தொடங்கலாம். அதற்கு அரசாணையும் வேண்டாம், நிதியும் வேண்டாம்.

நோயை ஆற்றுவதற்கு நாம் ஏராளமாகக் கருவிகள் வாங்கிவிட்டோம். நோயாளியின் குடும்பத்தையும் அவரைக் காக்கும் கைகளையும் தாங்குவதும் மருத்துவத்தின் கடமைதான் என்று ஏற்று, அதற்கும் பணியிடமும் சம்பளமும் ஒதுக்க வேண்டும்.